ஆற்றுணா: மலையேறுவோர் உடன்கொள்ள வேண்டிய உணவு

வழிச்செலவுக்கு வேண்டிய உணவைக் கட்டிக்கொண்டு புறப்படுதல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. அவ்வுணவைக் குறித்தற்கு ஆற்றுணா, தோட்கோப்பு, பொதிசோறு எனச் சொற்கள் பல பண்டைக்காலந்தொட்டு வழங்கி வந்துள்ளன. ஆறு என்பது வழி. வழியில் உண்ணும் உணவு ஆற்றுணாவாயிற்று. தோளிலே மாட்டிச் செல்லும் மூட்டை தோட்கோப்பாயிற்று. புகைவண்டியும் பேருந்தும் ஓடத் தொடங்கிய பின்னர் இச்சொற்களுக்கு வேலை குறைந்தது. வழிநெடுகக் கடைகள் தோன்றின. கட்டுச்சோற்றை மறந்தவர் பலர். ஆயினும், எந்த வண்டியும் ஏற இயலாத வழி ஒன்று இன்னும் எஞ்சியிருக்கின்றது. அதுவே மலைவழி. அவ்வழியிற் செல்பவன் பழைய பயணியைப் போலவே தன் கால்களையும் தன் மூட்டையையும் நம்பியே செல்ல வேண்டியவனாகின்றான்.

இலங்கையில் மலையேறுதல் என்றவுடன் யாவர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது சிவனொளிபாத மலையாகும். சிங்கள மக்கள் இதனை ஸ்ரீ பாத என்றும், முஸ்லிம் மக்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றுவர். கடல் மட்டத்திலிருந்து 2243 மீற்றர் உயர்ந்து நிற்கும் இம்மலையின் உச்சியை நாடி, மார்கழியை ஒட்டிய பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரையுள்ள யாத்திரைக் காலத்தில் பல்லாயிரம் மக்கள் ஏறுகின்றனர். மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள நல்லதண்ணியிலிருந்து செல்லும் வழி குறுகியது. ஆயினும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளையும் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றத்தையும் உடையது. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தலை ஊடாகச் செல்லும் வழி அதனினும் மிக நீண்டது. பச்சிளங் குழந்தையைத் தோளிற் சுமந்த தந்தையரும், கோலூன்றிய முதியவரும் ஒரே படியில் ஏறுவதைக் காண்பவர், இஃது எளிய வேலையே என்று எண்ணிவிடல் கூடும். பலர் இடர்ப்படுவதற்கு முதற் காரணம் இவ்வெண்ணமேயாகும்.

முன்னோர் இதனை எளிதாகக் கருதினாரல்லர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுனு பதூதா என்னும் அராபியப் பயணி, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியிடம் தாம் வேண்டியது ஒன்றே எனவும், அஃது ஆதம் பாதத்தைத் தரிசிப்பதே எனவும் கூறினார். அரசன் அவருக்குப் பல்லக்கு ஒன்றையும் அதனைச் சுமப்போரையும் அளித்தான். வழித்துணையாக யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், அரசவையைச் சேர்ந்தோர் பதின்மரையும் அனுப்பினான். இவர்களன்றி உணவுப் பொருள்களைச் சுமப்பதற்கென்றே பதினைந்து பேரைக் கூட்டிவிட்டான் என்று அப்பயணி தமது பயண நூலில் எழுதி வைத்துள்ளார். மலைப்பயணத்தில் உணவுக்கு எத்துணை இடமுண்டு என்பதை அத்தமிழ் மன்னன் நன்குணர்ந்திருந்தான் போலும்.

அரசனின் துணை பெற்றவரின் கதை இது. ஏழையின் கதை ஒன்றும் அம்மலையடிவாரத்தில் வழங்குகின்றது. அரிசி வாங்க வகையற்ற வறியவர் ஒருவர், காட்டுக் கீரையை அவித்து எடுத்துக்கொண்டு யாத்திரை சென்றார். பசித்த வேளையில் மூட்டையை அவிழ்த்தபோது கீரை சோறாக மாறியிருந்ததாம். சிங்களத்தில் பலா என்பது கீரை. பத் என்பது சோறு. பலாபத்தலை என்னும் ஊர்ப்பெயர் இதனாலேயே எழுந்தது என்பர். கதையை நம்புவோரும் நம்பாதோரும் இருக்கலாம். எனினும், கீரையை மட்டும் நம்பி மலையேறினால் தெய்வத்தின் துணை வேண்டியிருக்கும் என்னும் உண்மை அக்கதையினுள் அடங்கியிருப்பதை மறுப்பார் இலர்.

இனி, மலையேறுவோர்க்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் 5 கிலோ மூட்டையுடன் ஆயிரம் மீற்றர் உயரம் ஏறுகின்றார் எனக் கொள்வோம். அந்நிறையை அவ்வுயரத்துக்குத் தூக்குவதற்கு வேண்டிய வேலை ஏறத்தாழ 150 கலோரியே. ஆயின், மனிதத் தசையானது தான் எரிக்கும் எரிபொருளில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றவல்லது. எஞ்சியது வெப்பமாகி வெளியேறிவிடும். மலையேறுவோர் குளிரிலும் வியர்ப்பது இதனாலேயே. ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் 600 முதல் 750 கலோரி வரை செலவாகின்றது. உடல் சும்மா இருப்பதற்கே வேண்டிய சக்தியையும், நீளவாட்டில் நடப்பதற்கும் இறங்குவதற்கும் ஆகும் செலவையும் கூட்டினால், ஏறி இறங்கும் ஏழெட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 1500 கலோரி செலவாகும். வீட்டிலிருப்பவர் பகல் முழுவதும் உண்பதற்கு அண்மையான அளவு இஃது என்பது கருதத்தக்கது.

இச்சக்தி உடலில் எங்கிருந்து வருகின்றது? சோறு, மா, சீனி முதலியவற்றிலுள்ள காபோவைதரேற்று, கிளைக்கோசன் என்னும் வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படுகின்றது. வளர்ந்த ஒருவரின் உடலில் இச்சேமிப்பு ஏறத்தாழ அரைக் கிலோ அளவினதே. கொழுப்போ எவரிடத்தும் மிகுதியாக உண்டு. ஆனால் அது மெல்ல எரிவது. கடுமையான ஏற்றத்தில் உடல் முதலிற் கேட்பது காபோவைதரேற்றையே. ஒரு லீற்றர் ஒட்சிசனைக் கொண்டு கொழுப்பை எரிப்பதைவிடக் காபோவைதரேற்றை எரிக்கும்போது சற்று மிகுதியான சக்தி கிடைக்கின்றது என்பதும் ஒரு காரணமாகும். சிவனொளிபாத உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்திலுள்ளதன் முக்காற் பங்களவாகக் குறைந்துவிடுகின்றது. மூச்சு அருமைப்படும் இடத்தில் இச்சிறு வேறுபாடும் உதவியாகின்றது.

சேமிப்புக் குறையுங்கால் கால்கள் கனக்கும், கைகள் நடுங்கும், காரணமின்றிச் சினமும் சோர்வும் தோன்றும், கண் இருளும். கொடுமை யாதெனில், இந்நிலை பெரும்பாலும் ஏறும்போது வருவதில்லை. உச்சியைக் காணும் ஆவல் ஒருவரை ஏற்றிவிடும். தரிசனம் முடிந்து, உதயங் கண்டு, மனம் நிறைந்து இறங்கத் தொடங்கியபின்னரே உடல் தன் கணக்கைக் கேட்கின்றது. பனியால் ஈரமான படிகளில், நடுங்கும் முழங்காலுடன், இரவுத் துயிலும் இன்றி இறங்குபவர் ஓரடி தவறினாற் போதும். ஆதலின், உச்சியை அடையும்போது மூட்டையில் பாதி உணவு எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதை மலையேறுவோர் விதியாகக் கொள்ளுதல் நன்று.

உணவைத் தெரிந்தெடுப்பதில் நான்கு குணங்களை நோக்குதல் வேண்டும். நிறை குறைந்து சக்தி மிகுந்திருத்தல் ஒன்று, பழுதடையாதிருத்தல் இரண்டு, அடுப்பும் கலமும் இன்றி நடந்தவாறே உண்ணத்தக்கதாயிருத்தல் மூன்று, களைத்த வாய்க்கும் சுவைப்பதாயிருத்தல் நான்கு.

முதற் குணத்தை எடுத்துக்கொள்வோம். வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரியளவே உண்டு. ஏனெனில் அதன் நிறையிற் பெரும்பகுதி நீர். தோடம்பழம் 100 கிராமில் 50 கலோரியும் இல்லை. பாண் 260, பேரீச்சம்பழம் 280, கருப்பட்டி 380 அளவு, கச்சானும் எள்ளும் 550க்கு மேல். சோற்றைச் சுமப்பவன் உண்மையில் நீரைச் சுமக்கின்றான். வறுத்த கச்சானைச் சுமப்பவனோ சக்தியைச் சுமக்கின்றான். ஆயினும் கச்சானையே உண்டு மலையேறலாம் என எண்ணுதல் தவறு. கொழுப்பு மிகுந்த உணவு வயிற்றில் நெடுநேரம் தங்கும். ஏற்றத்தில் குமட்டலை உண்டாக்கும். இனிப்பும் மாவும் பெரும்பங்காகவும், எண்ணெய்வித்து சிறுபங்காகவும் கலந்திருத்தலே தகுந்தது.

இவ்வாறு கலந்த உணவைத் தேடி அயல்நாட்டுக்குச் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிற் செய்யப்படும் பொரிவிளாங்காய், பயற்றம் பணியாரம், எள்ளுருண்டை ஆகியவை பயணத்துக்கென்றே அமைந்தவை எனலாம். வறுத்த பயற்றம் மா புரதத்தையும் மாச்சத்தையும் தருகின்றது. சர்க்கரை உடனடிச் சக்தியைத் தருகின்றது. எள் கொழுப்பைத் தருகின்றது. வறுத்தலும் பாகு காய்ச்சுதலும் நீரை அகற்றிவிடுவதால் கிருமிகள் பெருகுதற்கு இடமில்லை. சிங்கள மக்கள் அரிசிமாவை வறுத்துக் கித்துள் பாணியும் மிளகும் சேர்த்து உருட்டும் அக்கலாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் மாதக்கணக்கிற் கெடாது. பல் உறுதியுள்ளோர் ஒரு துண்டை வாயிலிட்டு மென்றவாறே நெடுந்தூரம் நடக்கலாம். பனங்கட்டித் துண்டொன்றைச் சட்டைப்பையில் வைத்திருத்தலோ எல்லாவற்றிலும் எளிது.

மலைவாழ் மக்களிடம் கற்கவேண்டியதும் உண்டு. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்கள், செங்குத்தான சரிவுகளில் முதுகிற் கூடையுடன் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். அவர்கள் உண்பது கோதுமை மாவிற் சுட்ட ரொட்டியும், காரமான சம்பலும், சாயத்தண்ணீருமாகும். தடித்த ரொட்டி பாணைப்போல் நசுங்காது. கையிற் பிடித்து உண்ணலாம். வயிற்றிலும் நிலைத்து நிற்கும். அவர்தம் உழைப்பின் கடுமைக்கு இவ்வுணவு போதுமானதன்று என்பது வேறு கதை. ஆயினும், ஒருநாள் மலையேறும் யாத்திரிகருக்கு அவ்வெளிய ரொட்டியினும் ஏற்ற காலையுணவைக் காண்பதரிது.

இரண்டாவது குணமாகிய கெடாமையில் தவறு செய்வோரே பலர். முதல்நாட் பகலிற் சமைத்த சோற்றையும் தேங்காய்ப்பாற் கறியையும் சூடு ஆறுமுன் இறுகக் கட்டி, பேருந்தில் பல மணி நேரம் வைத்திருந்து, நள்ளிரவில் உண்டு ஏறத் தொடங்குவோர் உளர். வெதுவெதுப்பான சோறு பற்றீரியாக்களுக்கு உகந்த விளைநிலம். அவை உண்டாக்கும் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் முற்றாக அழிவதில்லை. பச்சைத் தேங்காய்ச் சம்பலும் விரைவிற் புளித்துவிடும். நடுமலையில் வாந்தியும் பேதியும் கண்டவரைக் கீழே கொண்டுவருதல் எத்துணைத் துன்பமானது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பழைய கட்டுச்சோறு இவ்வாறு கெடவில்லையே எனின், அது வேறு வகையிற் சமைக்கப்பட்டது. சோற்றை உதிரியாக வடித்து, அகல விரித்து ஆறவிட்டு, காய்ச்சிய புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்துப் பிசைந்தனர். புளிப்பும் உப்பும் கிருமிகளைத் தடுத்தன. ஆறவைத்தமையால் மூட்டைக்குள் நீர் வியர்க்கவில்லை. அவ்வாறு செய்த புளிச்சோறும் ஒரு பொழுதுக்குரியதே. கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்னும் பழமொழி எச்சரிக்கையாகவும் கொள்ளத்தக்கது.

உண்ணும் காலமும் முறையும் உணவைப் போலவே முக்கியமானவை. உதயங் காண விழைவோர் நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்குவர். அவர்கள் முன்னிரவிலேயே சோறு, இடியப்பம், பிட்டு முதலிய மாச்சத்துணவை வயிறார உண்டு சிறிது துயிலுதல் நலம். புறப்படுமுன் ஒரு வாழைப்பழமும் இனிப்பான தேநீரும் போதும். அதன்பின் பசிக்கும்வரை காத்திராமல், அரைமணி அல்லது முக்கால்மணிக்கு ஒருமுறை இரண்டொரு வாய் உண்டு செல்லவேண்டும். ஏறும்போது இரத்தத்தின் பெரும்பகுதி தசைகளை நாடிச் செல்கின்றது. வயிற்றுக்குக் கிடைப்பது குறைவு. ஆதலின், இடைவழியில் அமர்ந்து விருந்துண்பவர் மீண்டும் எழுந்து ஏறுவதற்கு இடர்ப்படுவர்.

உணவினும் முந்தியது நீர். ஏறுவோர் வியர்வையாலும், மூச்சாலும் நீரை இழக்கின்றனர். குளிர்ந்த காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் அவ்விழப்புத் தெரிவதில்லை. ஒருவருக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் கொதித்தாறிய நீர் வேண்டும். அதிற் பாதியில் தேசிக்காய்ச் சாறும், சிறிது உப்பும், சீனியும் கலந்துகொண்டால் வியர்வையோடு சென்ற உப்பும் திரும்பும். வழியிலுள்ள நீரோடைகள் தெளிவாகத் தோன்றினும், ஆயிரக்கணக்கானோர் நீராடும் காலத்தில் அவற்றைக் காய்ச்சாது பருகுதல் தகாது. உச்சியில் வைகறைக் குளிர் கடுமையானது. வியர்வையில் நனைந்த உடலுடன் அங்கே காத்திருப்போருக்குச் சுடுநீர்ப் போத்தலிலுள்ள இஞ்சித் தேநீரோ கொத்தமல்லிக் குடிநீரோ அமிழ்தமாகும். மதுவினால் உடல் சூடேறும் என்பது மயக்கமே. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடுகின்றது.

உலகின் மிகவுயர்ந்த மலையிலும் இவ்வுண்மைகளே மெய்ப்பட்டன. 1953ஆம் ஆண்டு எவரெஸ்ற் சிகரத்தை ஏறச் சென்ற பிரித்தானியக் குழுவில் கிறிபித் பியூ என்னும் உடற்றொழிலியல் அறிஞர் இடம்பெற்றார். உயரத்திற் பசி குன்றும் என்பதையும், நீர்க்குறையே வீரரை வீழ்த்துகின்றது என்பதையும் முந்திய ஆண்டிலேயே ஆராய்ந்தறிந்த அவர், நாள்தோறும் லீற்றர்க் கணக்கில் நீர்மம் பருக வேண்டும் எனவும், அதில் சீனியைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும் எனவும் வகுத்தார். மே மாதம் 28ஆம் நாளிரவு, ஏறத்தாழ 8500 மீற்றர் உயரத்தில் அமைந்த இறுதிப் பாசறையில், ஹிலாறியும் தென்சிங்கும் சீனியிட்ட எலுமிச்சைச் சாற்றை நிறையப் பருகினர். விசுக்கோத்தும், தகரத்திலடைத்த மீனும், பேரீச்சம்பழமும், பழப்பாகும், தேனும் உண்டனர். மறுநாள் உச்சியை அடைந்த தென்சிங், பனியைச் சிறிது அகழ்ந்து, சொக்கிலேற்றையும் விசுக்கோத்தையும் இனிப்புகளையும் அங்கு வாழும் தெய்வங்களுக்குப் படையலாக இட்டார். மூட்டையிலிருந்த உணவே படையலுமாயிற்று.

சிலருக்குத் தனிக் கவனம் வேண்டும். நீரிழிவுக்கு மருந்தெடுப்போர், சிறப்பாக இன்சுலின் ஏற்றிக்கொள்வோர், மலையேறுமுன் வைத்தியரைக் கலந்து மருந்தின் அளவை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. ஏற்றத்தில் இரத்தத்திலுள்ள சீனி விரைந்து குறையும். குளுக்கோசு அல்லது சீனியைத் தம் பையிலேயே வைத்திருத்தலோடு, உடன்வருவோருக்கும் அதனைச் சொல்லிவைத்தல் வேண்டும். மயங்கியவர் தாமே பையைத் திறக்கவியலாது. முதியோருக்குத் தாகவுணர்வு குறைவாதலின் அவர்களுக்கு நேரங் குறித்து நீர் கொடுக்கவேண்டும். நோன்பிருந்து யாத்திரை செய்வோர், நோன்பை முடித்துச் சிறிது உண்டபின் ஏறுதலாற் பக்தி குறைந்துவிடாது.

இவற்றையெல்லாம் தொகுத்து ஒருவருக்குரிய மூட்டையை அமைப்பின் அது இவ்வாறிருக்கலாம்: ரொட்டி இரண்டு, பொரிவிளாங்காய் அல்லது பயற்றம் உருண்டை 100 கிராம், வறுத்த கச்சான் 50 கிராம், பேரீச்சம்பழம் 50 கிராம், கதலி வாழைப்பழம் இரண்டு, பனங்கட்டி 30 கிராம். இவை யாவும் சேர்ந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேலான நிறையே; தரும் சக்தியோ ஏறத்தாழ 1400 கலோரி. இதே சக்தியைச் சோறாகக் கொண்டு செல்வதாயின் ஒரு கிலோவுக்கு மேல் சுமக்க நேரும். யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணி வழியிலே தேநீர்க் கடைகள் உண்டு. ஆயினும் அவற்றையே நம்பி வெறுங்கையுடன் செல்லுதல் தகாது. மற்றைக் காலத்தில் அவை மூடப்பட்டு, மழையும் அட்டையுமே வழியில் எதிர்ப்படும்.

இம்மூட்டையைக் கட்டும் முறையும் கருதற்பாலது. இம்மலையைச் சூழ்ந்த காடு 1940ஆம் ஆண்டிலேயே காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமை நிலையமாகவும் ஏற்கப்பட்டது. எத்தனையோ ஆறுகளுக்கு ஊற்றாகிய அவ்விடத்தில் பொலித்தீன் தாளையும் வெறும் போத்தலையும் எறிந்து வருதல் யாத்திரையின் பயனையே அழிப்பதாகும். வாட்டிய வாழையிலையும் துணிப்பையும் தகரப் பேணியும் முன்னோருக்குப் போதுமானவையாயிருந்தன, இன்றும் போதும். ஏறும்போது நிறைந்திருந்த பை இறங்கும்போது வெறுமையாகின்றது; குப்பையைத் திருப்பிக் கொண்டுவர அதில் இடமுண்டு.

இறுதியாக ஒன்று. மூட்டையைக் கட்டும்போது தமக்கு வேண்டியதற்கு மேல் ஒரு பிடி கூடுதலாக வைத்துக்கொள்ளுதல் நன்று. நடுப்படியில் தளர்ந்து அமர்ந்திருக்கும் மூதாட்டியோ, சோர்ந்து அழும் சிறுவனோ எதிர்ப்படாமலிருப்பதரிது. அவர் எம்மொழியினர், எச்சமயத்தினர் என்று அம்மலையில் எவரும் கேட்பதில்லை. ஒரு துண்டு பனங்கட்டியும் ஒரு மிடறு நீரும் அவரை மீண்டும் எழுந்து நடக்கச் செய்யும். கீரை சோறாக மாறிய அற்புதம் ஒருமுறைதான் நிகழ்ந்ததென்பர். ஒருவர் மூட்டை மற்றொருவர்க்கு உணவாகும் அற்புதமோ ஆண்டுதோறும் அப்படிகளில் நிகழக்கூடியதாகும்.